விசிறியை விடுங்கள், வெப்பத்தைப் பிடியுங்கள்

பாதுகாப்பையே முதன்மை நோக்கமாகக் கொண்ட ஒரு லினக்ஸ் அமைப்பைத் தன் மடிக்கணினியில் நிறுவுகிறவருக்கு முதல் நாளிலேயே கேட்பது விசிறியின் இரைச்சல்தான். உபுண்டுவிலோ விண்டோஸிலோ ஏறக்குறைய ஓசையின்றி ஓடிக்கொண்டிருந்த அதே இயந்திரம், மின்னஞ்சல் படிக்கும்போதுகூட மூச்சு வாங்குகிறது. அடிப்பாகம் சுடுகிறது, மின்கலம் வேகமாகத் தீர்கிறது. தீர்வு தேடிப் போகிறவருக்கு மூன்று வகை ஆலோசனைகள் உடனே கிடைக்கும்: விசிறியைக் கையால் ஆட்டுவிக்கும் நிரலை நிறுவு, செயலியின் மின்னழுத்தத்தைக் குறை, பாதுகாப்புக்காக மூடி வைத்தவற்றைத் திற. மூன்றும் வேலை செய்யக்கூடியவைதான். ஆனால், எந்தக் காரணத்துக்காக அந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தோமோ அந்தக் காரணத்தையே இவற்றில் சில பின்வாசல் வழியாக வெளியேற்றிவிடும். இரைச்சலைக் குறைக்கப் பாதுகாப்பைத் தளர்த்த வேண்டியதில்லை, வெப்பம் பிறக்கும் இடத்திலேயே அதைக் குறைத்தால் விசிறி தானே அடங்கும் என்பதே என் வாதம். இது எளிய உண்மைபோலத் தோன்றலாம். ஆனால் பாதுகாப்பு அமைப்புகளில் வெப்பம் பிறக்கும் இடமும், அதை அளக்கும் இடமும், கட்டுப்படுத்தும் இடமும் வேறு வேறாகப் பிரிந்து கிடப்பதால், வழக்கமான லினக்ஸ் அறிவு இங்கே பாதி தூரம்தான் கொண்டுபோய் விடும்.

க்யூப்ஸ் ஓஎஸ்ஸை எடுத்துக்கொள்வோம். போலந்தைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் யோவன்னா ருட்கோவ்ஸ்கா 2010-இல் அறிவித்து, 2012-இல் முதல் பதிப்பு வெளியான அமைப்பு இது. எந்த மென்பொருளும் என்றாவது உடைபடும் என்பதை ஒப்புக்கொண்டுதான் இது தொடங்குகிறது. உடைபடும்போது சேதம் ஓர் அறைக்குள்ளேயே நின்றுவிட வேண்டும் என்பதற்காக, வங்கி வேலைக்கு ஒன்று, அலுவலக வேலைக்கு ஒன்று, நம்ப முடியாத இணைப்புகளைத் திறக்க ஒன்று என்று தனித்தனி மெய்நிகர் கணினிகளாக வாழ்க்கையைப் பிரித்து வைக்கிறது. வலைப்பின்னல் அட்டையை நிர்வகிக்க ஒன்று, யுஎஸ்பி கருவிகளுக்கு ஒன்று, தீச்சுவருக்கு ஒன்று என்று பின்னணியிலும் சில ஓடும். இவை அனைத்துக்கும் அடியில், இவற்றுக்கு வன்பொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஸென் என்ற ஹைப்பர்வைசர் இருக்கிறது. திரையையும் விசைப்பலகையையும் ஆளுகின்ற, இணையத்தோடு நேரடித் தொடர்பே இல்லாத சிறப்பு அறை ஒன்றும் உண்டு. அதன் பெயர் டாம்-0. அது பறிபோனால் எல்லாம் பறிபோனது என்று பொருள். இந்த ஒரு செய்தியை மனத்தில் நிறுத்திக்கொண்டால், பின்னால் வரும் ஒவ்வொரு முடிவுக்கும் காரணம் விளங்கும்.

இந்த அமைப்பில் சூடு எங்கிருந்து வருகிறது? முதலாவது, பிரிவினையே செலவுதான். கூட்டுக் குடும்பம் ஒரே அடுப்பில் சமைத்ததை விட்டு ஆளுக்கோர் அடுப்பு மூட்டினால் விறகு கூடுவதுபோல, ஒவ்வொரு மெய்நிகர் கணினியும் தனக்கென ஒரு கர்னல், தனக்கென நேரக் கடிகாரங்கள், தனக்கெனப் புதுப்பிப்புச் சோதனைகள் என்று வைத்துக்கொள்கிறது. சும்மா இருக்கும்போதும் அவை செயலியை அவ்வப்போது தட்டி எழுப்புகின்றன. ஆழ்ந்த உறக்க நிலைக்குப் போகவேண்டிய கோர்கள் அரைத்தூக்கத்திலேயே இருக்கின்றன. இரண்டாவதும் பெரியதுமான காரணம் வரைகலை. ஜிபியு என்பது சிக்கலான வன்பொருள். நினைவகத்தை நேரடியாகத் தொடக்கூடியது. அதன் இயக்கி நிரல்கள் மிகப் பெரியவை. எனவே க்யூப்ஸ் அதை இயல்பாக மெய்நிகர் கணினிகளுக்குக் கொடுப்பதில்லை. அறைக்குள் ஓடும் உலாவி ஒரு காணொளியைக் காட்ட வேண்டுமானால், அதை விரிப்பதும் வரைவதும் முழுக்கச் செயலியின் தலையில் விழுகிறது. மற்ற மடிக்கணினிகளில் இதற்கென்றே இருக்கும் சிறு மின்சுற்று, சொற்ப மின்சாரத்தில் செய்துமுடிக்கும் வேலை இது.

பலர் சந்தேகப்படும் குறியாக்கம், அதாவது வட்டு முழுவதையும் பூட்டி வைக்கும் ஏற்பாடு, இந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும். 2010-இலிருந்து இன்டெல் செயலிகளில் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கென்றே தனிக் கட்டளைகள் சேர்க்கப்பட்டுவிட்டன. அன்றாடப் பயன்பாட்டில் அதன் சுமை கைக்குத் தெரியாது. தொடங்கும்போது கடவுச்சொல் கொடுத்த சில விநாடிகளுக்கு விசிறி சீறுவது உண்டு. கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பவருக்குச் செலவு கூடட்டும் என்பதற்காகவே அந்தக் கணக்கு வேண்டுமென்று கனமாக வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தொட வேண்டியதில்லை. ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற செயலிக் குறைகள் 2018 ஜனவரியில் வெளிப்பட்ட பிறகு கர்னலிலும் ஹைப்பர்வைசரிலும் சேர்ந்த தடுப்புகள் ஓரளவு கூடுதல் வேலை வைக்கின்றன என்பது உண்மை. அதுவும் கொடுத்தே ஆகவேண்டிய விலை. ஆக, நாம் கைவைக்கக்கூடிய இடங்கள் காணொளி, உலாவி, தேவையற்ற மெய்நிகர் கணினிகள், செயலி தன்னை முடுக்கிக்கொள்ளும் விதம் ஆகிய நான்குதான்.

இனி விசிறியின் இயற்பியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரு விசிறி தள்ளும் காற்றின் அளவு அதன் சுழல் வேகத்துக்கு நேர்விகிதத்தில் கூடும். அதன் இரைச்சலோ அதைவிட மிக வேகமாக ஏறும். பொறியாளர்கள் பயன்படுத்தும் கணக்குப்படி வேகம் இரட்டிப்பானால் ஒலி சுமார் 15 டெசிபல் கூடும். 10 டெசிபல் கூடினாலே நம் காது அதை ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாக உணர்கிறது. எனவே நிமிடத்துக்கு 4,500 சுற்றுகளில் ஓடும் விசிறியை 3,000-க்கு இறக்கினால் காற்று மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது, சத்தம் கிட்டத்தட்ட பாதியாகிவிடுகிறது. செயலியின் பக்கமும் இதேபோல ஒரு சாதகம் இருக்கிறது. செயலி எரிக்கும் மின்திறன் அதன் அதிர்வெண்ணோடு நேராகவும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் கூடுகிறது. அதிர்வெண்ணை உயர்த்த மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருக்கும். அதிர்வெண் 20 விழுக்காடும் அதோடு மின்னழுத்தம் 10 விழுக்காடும் இறங்கினால், திறன் 35 விழுக்காடு குறையும். வேகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் வெப்பத்தில் நிறையக் கிடைக்கிறது, வெப்பத்தில் கொஞ்சம் குறைந்தால் சத்தத்தில் நிறையக் கிடைக்கிறது. இந்த இரட்டை லாபமே என் வாதத்தின் அடிப்படை. உச்சியில் சிறிது செதுக்கினால் போதும், அடித்தளத்தை இடிக்க வேண்டியதில்லை.

டர்போ என்பது அந்த உச்சிதான். வெப்பத்துக்கும் மின்சாரத்துக்கும் இடமிருக்கும் வரை, செயலி தன் அடிப்படை வேகத்துக்கு மேலே சிறிது நேரம் பாய்ந்து செல்லும். ஒரு வலைப்பக்கம் திறக்கும்போது அது இரண்டு விநாடி பாய்கிறது, மெல்லிய மடிக்கணினியின் சிறிய வெப்பத் தகடு அதற்குள் சூடாகிறது, விசிறி எழுகிறது, பக்கம் திறந்து முடிந்த பிறகும் அடங்கச் சற்று நேரமாகிறது. இப்படி விட்டு விட்டு எழும் இரைச்சல், ஒரே சீராக ஓடும் விசிறியைவிட அதிகம் எரிச்சலூட்டுவது. சாதாரண லினக்ஸில் இதைக் கட்டுப்படுத்த, கர்னல் ஒரு கோப்பகத்தில் காட்டும் அதிர்வெண் அமைப்புகளை மாற்றினால் போதும். டிஎல்பி போன்ற கருவிகள் அதையே செய்கின்றன. க்யூப்ஸில் டிஎல்பியை டாம்-0-வில் நிறுவினால், செயலி தொடர்பான அதன் அமைப்புகள் எதையும் சாதிப்பதில்லை. காரணம், அந்தக் கோப்பகமே அங்கே இல்லை. உண்மையான செயலியை ஆள்வது ஸென். டாம்-0-வில் இருக்கும் லினக்ஸுக்கும் மெய்நிகர் கோர்கள்தான் கொடுக்கப்பட்டிருக்கின்றன. அங்கே செயலித் தகவலில் தெரியும் அதிர்வெண்ணும் பெரும்பாலும் மாறாத ஓர் எண், நடப்பைச் சொல்வதில்லை.

ஆகவே கேட்க வேண்டியது ஸெனிடம். அதற்கு ஸென்பிஎம் என்ற சிறு கருவி ஏற்கெனவே டாம்-0-வில் இருக்கிறது. புதிதாக எதையும் இறக்க வேண்டியதில்லை என்பதே அதன் முதல் சிறப்பு. அதைக் கொண்டு ஒவ்வொரு கோரும் எந்த வேகங்களில் எவ்வளவு நேரம் இருந்தது, எவ்வளவு ஆழமாக உறங்கியது என்பதைப் பார்க்கலாம். அதிகபட்ச அதிர்வெண்ணுக்கு வரம்பு கட்டலாம். டர்போவை ஒரே கட்டளையில் அணைக்கலாம், வேண்டும்போது மறுபடி போடலாம். சில ஆண்டுகளாக வரும் இன்டெல் செயலிகள் வேகத்தைத் தாமே தீர்மானிக்கும் வசதி கொண்டவை. அதைக் கையாளும் பகுதி 2023 நவம்பரில் வெளிவந்த ஸென் 4.18-இல் சேர்க்கப்பட்டது. அத்தகைய இயந்திரங்களில் சிக்கனம், நடுநிலை, முழுவேகம் என்ற மூன்று விருப்பங்களில் ஒன்றைச் சொல்லிவிட்டால் மற்றதைச் செயலி பார்த்துக்கொள்ளும். பழைய முறையில் ஓடும் இயந்திரங்களில் சிக்கன நிலையைத் தேர்ந்தெடுத்தால் செயலி மிகக் குறைந்த வேகத்திலேயே பூட்டப்பட்டுவிடும், உலாவி தள்ளாடும். அங்கே தேவைக்கேற்ப ஏறி இறங்கும் நிலையை அப்படியே விட்டு, டர்போவை மட்டும் நிறுத்துவதே நல்ல இடைவழி. இந்த அமைப்புகள் மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். தொடங்கும்போது தானே ஓடும் ஒரு சிறு சேவைக் கோப்பாக எழுதி வைத்தால் நிலைக்கும். ஓரிரு வரிக் கட்டளைதான், படித்துப் பார்த்தாலே என்ன செய்கிறது என்று தெரியும். டாம்-0-வில் எதைச் சேர்த்தாலும் இந்தத் தெளிவு இருக்க வேண்டும்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வேலையை வேகமாக முடித்துவிட்டு உறங்கப் போவதே சிக்கனம். டர்போவை நிறுத்தினால் செயலி அதிக நேரம் விழித்திருக்கும். மொத்த ஆற்றல் மிச்சமாகாது என்பார்கள். மொத்த ஆற்றலை மட்டும் பார்த்தால், சில இயந்திரங்களில் சில வேலைகளுக்கு இது சரியாக இருக்கலாம். ஆனால் விசிறி எதிர்வினை காட்டுவது மொத்த ஆற்றலுக்கன்று, வெப்பநிலைக்கு. 10 விநாடியில் 30 வாட் எரிப்பதும் 20 விநாடியில் 15 வாட் எரிப்பதும் ஒரே ஆற்றல்தான். முதலாவதில் வெப்பத் தகடு விசிறியின் தொடக்க எல்லையைத் தாண்டிவிடும். இரண்டாவதில் தாண்டாமலே போகலாம். அதோடு சில்லு சூடாகச் சூடாக அதில் கசியும் மின்னோட்டமும் கூடும், அதுவும் வெப்பமாகத்தான் முடியும். கர்னலைத் தொகுப்பது, பெரிய காணொளியை மாற்றுவது போன்ற நீண்ட வேலைகளுக்கு டர்போ வேண்டுமென்றால் அந்த நேரத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். அன்றாட எழுத்து, வாசிப்பு, கடிதங்களுக்கு அதன் இழப்பு பெரிதாக உணரப்படுவதில்லை.

விசிறியை நேரடியாகக் கட்டுப்படுத்தும் வழிக்கு இப்போது வரலாம். மடிக்கணினியில் விசிறியை ஆட்டுவிப்பது முதன்மைச் செயலி இல்லை. விசைப்பலகை, மின்கலம், விசிறி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளத் தாய்ப்பலகையில் உட்பொதி கட்டுப்பாட்டகம் என்ற தனிச் சில்லு இருக்கிறது. இயக்க அமைப்பு உறைந்து நின்றாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் உறைந்த மடிக்கணினி எரிந்துபோவதில்லை. திங்க்பேட் வரிசையில் இதோடு பேசுவதற்கென்றே லினக்ஸ் கர்னலுக்குள் ஓர் இயக்கி இருக்கிறது. க்யூப்ஸ் பயனர்கள் பலர் இன்றும் விரும்பிப் பயன்படுத்தும் எக்ஸ்230, டி430 போன்ற மாதிரிகள் இதில் அடக்கம். அந்த இயக்கி ஒரு சிறு கோப்பைக் காட்டும். அதைப் படித்தால் விசிறியின் நிலையும் நிமிடச் சுற்றும் தெரியும். அதில் எழுதினால் 0 முதல் 7 வரையிலான படிகளில் ஒன்றில் விசிறியை வைக்கலாம், அல்லது தானியங்கி நிலைக்குத் திருப்பலாம். 0 என்றால் விசிறி நின்றுவிடும். ஆனால் எழுதும் உரிமை இயல்பாக மூடப்பட்டிருக்கிறது. பயனர் தெரிந்தே ஓர் அமைப்பை மாற்றினால்தான் திறக்கும். இயக்கியை எழுதியவர்கள் அதை மூடி வைத்ததற்குக் காரணம் வெளிப்படை: விசிறியை நிறுத்திவிட்டு நிரல் செத்துப்போனால், நிறுத்தப்பட்ட விசிறி நிறுத்தப்பட்டபடியே இருக்கும்.

இந்த ஆபத்துக்கு அதே இயக்கியில் ஒரு காவல் ஏற்பாடும் உண்டு. 1 முதல் 120 விநாடிக்குள் ஒரு காலக்கெடுவைக் கொடுத்தால், அதற்குள் புதிய கட்டளை வராவிட்டால் இயக்கி விசிறியைப் பாதுகாப்பான நிலைக்குத் தானே கொண்டுபோய்விடும். திங்க்ஃபேன் என்ற நிரல் இந்த வழியில்தான் வேலை செய்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு வரியும் மூன்று எண்கள்: விசிறியின் படி, அந்தப் படியை விட்டு இறங்க வேண்டிய வெப்பநிலை, ஏற வேண்டிய வெப்பநிலை. முதல் படியிலிருந்து 60 பாகையில் ஏறி, 50 பாகைக்கு வந்த பிறகே இறங்குமாறு அடுத்தடுத்த வரிகளை ஒன்றின்மேல் ஒன்று படியும்படி எழுதினால், எல்லையில் நின்று விசிறி எழுவதும் அடங்குவதுமாக அலைபாயாது. அந்த இடைவெளியை விடாமல் ஒரே எண்ணைப் போடுவதே பலரின் அமைப்பு தோற்பதற்குக் காரணம். க்யூப்ஸில் இன்னொரு நுட்பமும் சேர்கிறது. டாம்-0-வின் மெய்நிகர் கோர் எந்த உண்மைக் கோரின்மீது அந்தக் கணத்தில் ஓடுகிறதோ அதன் வெப்பநிலையைத்தான் அது படிக்கக்கூடும். எனவே தனித்தனிக் கோர்களின் அளவை நம்புவதைவிட, உட்பொதி கட்டுப்பாட்டகம் தரும் அளவை நம்புவது நல்லது.

இதைச் செய்யலாமா என்று கேட்டால், திங்க்பேட் வைத்திருப்பவர் மற்ற வழிகளை முடித்த பிறகு செய்யலாம் என்பேன். கர்னலுக்குள்ளேயே பல ஆண்டுகளாக இருக்கும் இயக்கி, கையொப்பம் சரிபார்க்கப்பட்டு டாம்-0-வுக்கு வரும் தொகுப்பு, காவல் காலக்கெடு ஆகிய மூன்றும் சேர்ந்து அந்த வழியை ஏற்கத்தக்கதாக்குகின்றன. மற்ற நிறுவனங்களின் மடிக்கணினிகளில் நிலைமை வேறு. அங்கே இத்தகைய இயக்கி பெரும்பாலும் இருக்காது. பொதுவான விசிறி நிரல்கள் உட்பொதி கட்டுப்பாட்டகத்தின் பதிவேடுகளில் நேரடியாக எழுத முயல்கின்றன. எந்த முகவரியில் எந்த எண்ணை எழுதினால் என்ன ஆகும் என்பது யாரோ ஒருவர் ஊகித்துச் சேர்த்த பட்டியல். அதே சில்லுதான் மின்கலம் ஏறுவதையும் ஆள்கிறது என்பதை நினைத்தால், தவறான முகவரியின் விளைவு இரைச்சலைவிடப் பெரியது. லினக்ஸ் 5.4, 2019 நவம்பரில் வெளிவந்தபோது கர்னல் பூட்டு என்ற வசதி சேர்ந்தது. நம்பகமான முறையில் தொடங்கிய கர்னலை, முழு உரிமை பெற்ற நிரல்கூடத் திருத்த முடியாதபடி அது தடுக்கிறது. வன்பொருள் வாயில்களை நேரடியாகத் தொடுவதும் செயலியின் உள்பதிவேடுகளில் எழுதுவதும் அந்தப் பூட்டில் அடங்கும். விசிறி நிரலோ மின்னழுத்த நிரலோ ஓடவில்லை என்பதற்காகப் பூட்டைக் கழற்றச் சொல்லும் ஆலோசனையை ஏற்றால், விசிறி நிரலுக்காகத் திறந்த கதவு தீங்கு நிரலுக்கும் திறந்தே இருக்கும்.

மின்னழுத்தத்தைக் குறைக்கும் உத்திக்கும் இதே கதைதான். செயலியை அதே வேகத்தில் வைத்துக்கொண்டு மின்னழுத்தத்தை மட்டும் சற்றே இறக்கினால் வெப்பம் நன்றாகக் குறையும்; பல ஆண்டுகள் மடிக்கணினி ஆர்வலர்களின் விருப்பமான வழியாக அது இருந்தது. 2019 டிசம்பரில் பர்மிங்ஹாம், லூவன், கிராட்ஸ் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பிளண்டர்வோல்ட் தாக்குதலை வெளியிட்டார்கள். ஆர்வலர்கள் பயன்படுத்திய அதே செயலிப் பதிவேட்டின் வழியாக மின்னழுத்தத்தைச் சரியான கணத்தில் இறக்கினால் செயலி கணக்கில் பிழை செய்யும். அந்தப் பிழையிலிருந்து, இன்டெல்லின் பாதுகாக்கப்பட்ட நினைவகப் பகுதிக்குள் இருக்கும் இரகசியச் சாவியை மீட்கலாம் என்று காட்டினார்கள். அதன் பிறகு ஃபர்ம்வேர் புதுப்பிப்புகள் அந்த வாசலை அடைத்தன. பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பினால் மின்னழுத்தத்தைக் குறைக்கலாம் என்பது உண்மையே. ஐந்து பாகை வெப்பத்துக்காக, அதன் பிறகு வந்த எல்லாப் பாதுகாப்புத் திருத்தங்களையும் திருப்பிக் கொடுப்பது நியாயமான வியாபாரம் ஆகாது.

வெப்பநிலை அளவுகளை டாம்-0-வுக்கு மட்டும் காட்டி, மற்ற மெய்நிகர் கணினிகளிடமிருந்து ஏன் இவ்வளவு கண்டிப்பாக மறைக்கிறார்கள் என்ற கேள்வி இங்கே எழும். சூட்டைப் பார்ப்பதில் என்ன இரகசியம்? இருக்கிறது என்பதற்குச் சான்றுகள் குவிந்திருக்கின்றன. சூரிக்கிலுள்ள ஈடிஎச் ஆய்வாளர்கள் 2015-இல், ஒன்றோடொன்று பேசக்கூடாதபடி வெவ்வேறு கோர்களில் பிரித்து வைக்கப்பட்ட இரண்டு நிரல்கள், ஒன்று சூடேற்றவும் மற்றது வெப்பமானியைப் படிக்கவும் செய்து, விநாடிக்கு 12.5 பிட் வரை தகவல் கடத்த முடியும் என்று காட்டினர். இஸ்ரேலின் பென் குரியன் பல்கலைக்கழகத்தில் மொர்தெகாய் குரியின் குழு 2016-இல் வெளியிட்ட ஃபேன்ஸ்மிட்டர் ஆய்வு இன்னும் நேரடியானது. வலைப்பின்னலிலிருந்து முற்றிலும் துண்டிக்கப்பட்ட கணினியில் புகுந்த தீங்கு நிரல், விசிறியின் வேகத்தை ஏற்றி இறக்கி, அந்த ஒலியை அருகிலுள்ள கைபேசி கேட்கும்படி செய்து, மணிக்கு 900 பிட் வரை அனுப்பியது. 2020-இல் வந்த பிளாட்டிபஸ் தாக்குதல், செயலியின் மின்செலவு அளவிகளைப் படித்தே இரகசியச் சாவிகளை ஊகித்தது. உடனே லினக்ஸ் அந்த அளவியைச் சாதாரணப் பயனரிடமிருந்து மறைத்தது. 2022-இல் வந்த ஹெர்ட்ஸ்ப்ளீட், கையாளும் தரவைப் பொறுத்துச் செயலியின் வேகமே நுட்பமாக மாறுவதைக் கொண்டு சாவியைப் பிடித்தது. நினைவகத்தைப் பிரிக்கலாம், வலைப்பின்னலைப் பிரிக்கலாம். ஒரே சில்லில் பிறக்கும் வெப்பத்தை மட்டும் அறைகளாகப் பிரிக்க முடியாது. அதனால்தான் அதன் அளவிகளையும் விசிறியின் கடிவாளத்தையும் நம்பிக்கைக்குரிய ஒரே இடத்தில் பூட்டி வைக்கிறார்கள். வசதிக்காக வெப்பநிலையை உள்ளறைகளுக்குக் கசிய விடும் நிரல்கள் இந்தப் பிரிவினையின் பொருளையே கெடுக்கின்றன. ஹெர்ட்ஸ்ப்ளீட்டைத் தணிக்க டர்போவை அணைப்பது பல நேரங்களில் உதவும் என்று அதன் ஆய்வாளர்களே குறிப்பிட்டார்கள். இங்கே அமைதிக்கும் பாதுகாப்புக்கும் வழி ஒன்றாகவே இருக்கிறது.

அடுத்து, ஹைப்பர்த்ரெடிங்கை மீண்டும் போடலாமே என்ற யோசனை. ஒரு கோரை இரண்டாகக் காட்டும் இந்த வசதியை, 2018 ஆகஸ்டில் எல்1டிஎஃப் என்ற குறை வெளியானதும் க்யூப்ஸ் இயல்பாக அணைத்துவிட்டது. ஒரே கோரின் இரு பாதிகளில் வெவ்வேறு மெய்நிகர் கணினிகள் ஓடினால், ஒன்று மற்றொன்றின் தரவைக் கோரின் உள்நினைவகம் வழியாக எட்டிப்பார்க்கலாம் என்பதே அந்தக் குறையின் சாரம். அதைத் திரும்பப் போட்டால் வேலை பரவலாகும், கோர்கள் அதிக வேகம் எடுக்க வேண்டியிராது, சூடு குறையும் என்று வாதிடுகிறார்கள். முழுச்சுமையில் இரு பாதிகளும் ஓடும் கோர், ஒரு பாதி ஓடும் கோரைவிடக் கூடுதல் மின்சாரம்தான் எரிக்கும்; வேலை முன்கூட்டியே முடியலாம், உச்ச வெப்பம் குறையாது. அப்படியே குறைந்தாலும், அறைகளுக்கிடையே சுவர் வேண்டும் என்றுதான் இந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தோம். சுவரில் துளையிட்டுக் காற்று வாங்குவதானால் சாதாரண லினக்ஸே போதும், அதில் இரைச்சலும் குறைவு.

சுவர்களைத் தொடாமல் வெப்பத்தைக் குறைக்க ஏராளமான இடம் இருக்கிறது. முழு எச்டி காணொளியின் ஒரு சட்டகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள். 720 வரித் தரத்தில் ஏறத்தாழ 9 லட்சம். ஒவ்வொரு சட்டகமும் செயலியிலேயே விரிக்கப்பட்டு, பகிர்ந்த நினைவகம் வழியாக டாம்-0-வுக்கு வந்து திரையேறுகிறது என்பதால், தரத்தை ஒரு படி இறக்கினாலே சுமை பாதிக்கு மேல் குறைகிறது. புதிய சுருக்க முறைகளான விபி9, ஏவி1 ஆகியவற்றைவிடப் பழைய எச்.264 செயலிக்கு இலகுவானது. உலாவியில் ஒரு சிறு நீட்சி அதையே கேட்டு வாங்கித் தரும். விளம்பரங்களைத் தடுப்பது இங்கே கண்ணுக்கான சுகத்தோடு நின்றுவிடுவதில்லை, அசையும் விளம்பரம் ஒவ்வொன்றும் செயலி வரைய வேண்டிய படம். தானே தொடங்கும் மெய்நிகர் கணினிகளில் எவை உண்மையில் தேவை என்று பார்த்து மற்றவற்றை நிறுத்தலாம். தனி என்விடியா அட்டை உள்ள இயந்திரங்களில் அதை பயாஸிலேயே அணைத்துவிட்டால், பயன்படாமலே மின்சாரம் குடிக்கும் ஒரு பாகம் அடங்கும். மூடியை மூடி வைத்தால் உறங்கிவிட்டது என்று நம்பிப் பையில் போடுவதிலும் கவனம் வேண்டும். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பழைய ஆழ்ந்த உறக்க முறை நீக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மாற்றாக வந்த முறையை ஸென் இன்னும் முழுமையாகக் கையாள்வதில்லை. சரியாக உறங்காத இயந்திரம் பைக்குள் கிடந்தால் சூடாகும்.

வன்பொருளின் பங்கையும் மறக்கக்கூடாது. செயலியின் வெப்பநிலை என்பது அறையின் வெப்பநிலையோடு அது எரிக்கும் மின்திறன் ஏற்படுத்தும் ஏற்றத்தைக் கூட்டியது. குளிரூட்டிய 22 பாகை அறையில் அமைதியாக இருக்கும் இயந்திரம், மே மாதத்துச் சென்னையின் 36 பாகை அறையில் அதே வேலையைச் செய்யும்போது 14 பாகை கூடுதல் சூட்டோடு தொடங்குகிறது. மற்றவர் எழுதிவைத்த விசிறி எல்லைகளை அப்படியே எடுத்துப் போட்டால் நம் ஊரில் விசிறி ஓயாது. கோடையில் எல்லைகளை உயர்த்துவதா, டர்போவை நிறுத்துவதா என்று கேட்டால் இரண்டாவதே மேல். வெப்பத் தகட்டின் இடுக்குகளில் தூசி பாய்போலப் படிந்திருந்தால் எந்த அமைப்பும் உதவாது. பழைய திங்க்பேடில் காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவது மென்பொருளில் ஒரு வரிகூடத் தொடாமல் கிடைக்கும் லாபம்.

செயலிகள் 100 பாகை வரை தாங்குமாறே வடிவமைக்கப்பட்டிருக்கின்றன, எல்லை வந்தால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், பிறகு ஏன் இந்தக் கவலை, விசிறியை மெதுவாக்கிவிட்டுச் சூட்டை அப்படியே விடலாமே என்பது கடைசி மறுப்பு. செயலியைப் பொறுத்தவரை இது பெரிதும் சரி; 80 பாகையைக் கண்டு பதற வேண்டியதில்லை. ஆனால் அதே பெட்டிக்குள் மின்கலமும் இருக்கிறது, அது சூட்டில் வேகமாக முதுமையடைகிறது. வட்டும் இருக்கிறது. மேலே நம் கைகளும் இருக்கின்றன. விசிறியை அடக்கிச் செயலியை எல்லைவரை ஓட விட்டால், மற்ற பாகங்கள் அதன் விலையைக் கொடுக்கும். வெப்பத்தைக் குறைத்தால் அவை எல்லாமே பயனடையும். இதனால்தான் வரிசை முக்கியம்: முதலில் சுமையைக் குறைப்பது, பிறகு ஸென் வழியாக உச்ச வேகத்துக்கு வரம்பு கட்டுவது, அதன் பின் தூசி தட்டுவது, இவற்றுக்கும் அடங்காவிட்டால் மட்டும் நம்பகமான இயக்கி வழியாக விசிறியின் எல்லைகளைத் திருத்துவது. பூட்டைக் கழற்றுவதும் பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்புவதும் இந்த வரிசையில் எங்கும் வருவதில்லை.

ஆனால் இந்தச் சுமை முழுவதையும் பயனர் தலையில் கட்டுவது நியாயமில்லை. கண்காணிப்புக்கு அஞ்சும் பத்திரிகையாளரும் வழக்கறிஞரும் செயற்பாட்டாளரும்தான் இத்தகைய அமைப்புகளின் தேவை அதிகம் உள்ளவர்கள். அவர்களில் பலருக்குச் செயலியின் பதிவேடுகள் பற்றித் தெரியாது, தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. இரைச்சலும் சூடும் தாங்காமல் ஒருவர் பாதுகாப்பற்ற அமைப்புக்குத் திரும்பிவிட்டால், அதுவும் பாதுகாப்பின் தோல்விதான். அமைப்பை உருவாக்குகிறவர்கள் அமைதி, நடுநிலை, வேகம் என்ற தேர்வை நிறுவும்போதே கேட்டு, டாம்-0-வின் பட்டியில் வெப்பநிலையைக் காட்டலாம். அதற்கான எல்லாப் பாகங்களும் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. மடிக்கணினி செய்கிறவர்களிடம் கேட்க வேண்டியது இன்னும் பெரியது. விசிறியை ஆளும் சில்லுக்குள் ஓடும் நிரல் பெரும்பாலான இயந்திரங்களில் மூடியது. விசைப்பலகையின் ஒவ்வோர் அழுத்தமும் அதன் வழியாகவே போகிறது. ஃப்ரேம்வொர்க், சிஸ்டம்76 போன்ற நிறுவனங்கள் அந்த நிரலின் மூலத்தை வெளியிட்டிருக்கின்றன. அங்கே விசிறி வளைவை ஊகித்துத் திருத்த வேண்டியதில்லை, படித்துத் திருத்தலாம். அதே மூலத்தைப் படித்து, விசைகளைக் கையாளும் பகுதியையும் ஆராயலாம். பாதுகாப்புக்காக மடிக்கணினி வாங்குகிறவர்கள் செயலியையும் நினைவகத்தையும் விசாரிக்கும்போது, உட்பொதி கட்டுப்பாட்டகத்தின் மூலம் திறந்ததா என்பதையும் விசாரிக்கத் தொடங்க வேண்டும். கேட்பவர்கள் கூடினால்தான் திறக்கும் நிறுவனங்களும் கூடும்.